நிலக்கரிக் கப்பலுக்கு வாடகை பேசுவது எப்படி? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு கணக்கு

பாம்பனில் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். கப்பல் வந்தால் அது அப்படியே 17 மீட்டர் மேலே எழும். அதன் அடியில் கடந்து போவதெல்லாம் விசைப்படகுகள், இழுவைக் கப்பல்கள், பார்ஜ்கள், கடலோரக் காவல் படையின் சிறிய கப்பல்கள். ஒடிசாவின் பாராதீப்பிலிருந்து தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றி வரும் கப்பல் இந்தப் பக்கம் தலைகாட்டாது. பாக் நீரிணையிலும் தனுஷ்கோடிக்குக் கிழக்கே உள்ள மணல் திட்டுகளிலும் அதற்குத் தேவையான ஆழம் இல்லை. இலங்கையை முழுக்கச் சுற்றிக்கொண்டு, தெற்கிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குள் நுழையும்.

இந்தக் கப்பல்களைப் பற்றி அவ்வப்போது செய்திகள் வருகின்றன. கப்பல் வாடகை இரு மடங்கானது, தாமதக் கட்டணம் கோடிக்கணக்கில் போனது, பால்டிக் குறியீடு சரிந்தது, சேதுக் கால்வாய் வந்தால் செலவு குறையும் என்றெல்லாம் படிக்கிறோம். தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: கப்பல் சந்தையில் விலை போகும் பொருள் நாள். ஒரு நாள் யார் கணக்கில் ஓடுகிறது, வீணாய்ப் போன நாள் யார் தலையில் விழுகிறது என்று பிடித்துக்கொண்டால் மற்றது தானாகப் புரியும்.

மூட்டை கட்டாத சரக்கு

நிலக்கரி, இரும்புத் தாது, கோதுமை, யூரியா, உப்பு போன்றவற்றை மூட்டையோ பெட்டியோ இல்லாமல் கப்பலின் வயிற்றுக்குள் அப்படியே கொட்டி எடுத்துப் போவார்கள். இதற்கு உலர் மொத்தச் சரக்கு என்று பெயர். இந்தக் கப்பல்களை பல்க் கேரியர் என்பார்கள்.

கன்டெய்னர் கப்பல் பஸ் மாதிரி. அதற்குத் தடம் உண்டு, நேரம் உண்டு. நம் பெட்டிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். பல்க் கேரியர் வாடகை வண்டி மாதிரி. கூப்பிட்ட இடத்துக்கு வரும், சொன்ன இடத்துக்குப் போகும். பெரும்பாலும் ஒருவரே முழு வண்டியையும் எடுப்பார். அதனால் ஒவ்வொரு முறையும் வாடகை புதிதாகப் பேசப்படுகிறது.

அளவை வைத்து நான்கு வகை:

1. ஹேண்டிசைஸ்: சுமார் 40,000 டன் வரை. சிறு துறைமுகங்களுக்கும் போகும்.
2. சூப்ராமாக்ஸ், அல்ட்ராமாக்ஸ்: 50,000 முதல் 64,000 டன் வரை. பெரும்பாலும் சொந்தக் கிரேன் இருக்கும். துறைமுகத்தில் கிரேன் இல்லாவிட்டாலும் சரக்கை இறக்கிவிடலாம்.
3. பனாமாக்ஸ், கம்சர்மாக்ஸ்: ஏறத்தாழ 75,000 முதல் 82,000 டன்.
4. கேப்சைஸ்: 1,80,000 டன் அளவு. முழுச் சரக்கோடு சுமார் 18 மீட்டர் அமிழும். பிரேசில், ஆஸ்திரேலியாவிலிருந்து சீனாவுக்கு இரும்புத் தாது கொண்டுபோவதுதான் இதன் முக்கிய வேலை.

கேப்சைஸ் முழுச் சரக்கோடு தூத்துக்குடிக்குள் வர முடியாது. நம் கரைக்கு நிலக்கரி கொண்டுவருபவை பெரும்பாலும் நடுவில் உள்ள இரண்டு வகைகள்தான்.

வாலிநோக்கம் உப்பு லாரி சொல்லித்தரும் பாடம்

வாலிநோக்கத்திலிருந்து உப்பு ஏற்ற லாரி பிடிப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. டன்னுக்கு இவ்வளவு என்று டிரிப் வாடகை பேசலாம். அப்போது டீசல், டிரைவர் படி, டோல் எல்லாம் லாரிக்காரர் பாடு. நாள் வாடகைக்கு எடுக்கலாம். டிரைவர் சம்பளம் லாரிக்காரருடையது, டீசலும் டோலும் எடுத்தவருடையது. வண்டியையே குத்தகைக்கு எடுத்து, சொந்த டிரைவரைப் போட்டு ஓட்டவும் செய்யலாம். கப்பலிலும் இதேதான்.

1. வாயேஜ் சார்ட்டர். டிரிப் வாடகை. சரக்குக்காரர் டன்னுக்கு இத்தனை டாலர் தருவார். எரிபொருள், துறைமுகக் கட்டணம், மாலுமிகளின் சம்பளம் எல்லாம் கப்பல்காரருடையது. கடலில் ஒரு நாள் கூடுதலாக ஓடினால் நஷ்டம் கப்பல்காரருக்கு.

2. டைம் சார்ட்டர். நாள் வாடகை. கப்பலும் மாலுமிகளும் உரிமையாளருடையவை. எங்கே போக வேண்டும், எதை ஏற்ற வேண்டும் என்று சொல்பவர் வாடகைக்கு எடுத்தவர். எரிபொருளும் துறைமுகச் செலவும் அவருடையவை. புயலில் சிக்கிக் கப்பல் மெதுவாகப் போனாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். இயந்திரம் பழுதாகி நின்றால் மட்டும் அந்த நேரத்துக்கு வாடகை நிற்கும். அதற்கு ஆஃப்ஹயர் என்று பெயர். ஒரே பயணத்துக்கு மட்டும் நாள் வாடகை பேசும் பழக்கமும் உண்டு.

3. பேர்போட் சார்ட்டர். வெறுங்கப்பலைக் குத்தகைக்கு எடுப்பது. மாலுமி, பராமரிப்பு எல்லாம் எடுத்தவர் பொறுப்பு. பெரும்பாலும் பல ஆண்டு ஒப்பந்தம்.

4. தொடர் ஒப்பந்தம். குறிப்பிட்ட ஒரு கப்பலைச் சொல்லாமல், ஓராண்டில் இத்தனை டன், இத்தனை நடை என்று பேசுவது. மின் நிலையம், உருக்காலை போன்ற நிலையான தேவை உள்ளவர்களுக்கு இது வசதி.

தமிழக மின்வாரியத்தின் நிலக்கரியைப் பாராதீப், விசாகப்பட்டினம், ஹால்தியா ஆகிய இடங்களிலிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவரும் வேலையைப் பார்த்துவரும் அரசு நிறுவனம், 1974-ல் தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதும் இதே நிறுவனம்தான். டெண்டர் விட்டுத் தனியார் கப்பல்களை வாடகைக்கு எடுத்து அது நிலக்கரியை நகர்த்துகிறது. கப்பல் வாடகை ஏறியது என்ற செய்தி மின்சாரச் செலவைத் தொடுவது இந்த வழியில்தான்.

பேரம் எப்படி முடிகிறது

சரக்குக்காரரும் கப்பல்காரரும் நேரில் பார்த்துக்கொள்வது அபூர்வம். நடுவில் தரகர்கள் இருக்கிறார்கள். வழக்கமான தரகு ஒருவருக்கு 1.25 சதவீதம்.

1. சரக்குக்காரர் தன் தேவையைச் சொல்வார்: 50,000 டன் நிலக்கரி, பத்து சதவீதம் கூடலாம் குறையலாம், ஏற்றும் துறைமுகம் இது, இறக்கும் துறைமுகம் இது, கப்பல் இந்தத் தேதிக்குள் ஏற்றும் இடத்தில் நிற்க வேண்டும். அந்தத் தேதி இடைவெளிக்கு லேகேன் என்று பெயர். அதன் கடைசி நாளுக்குள் கப்பல் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை சரக்குக்காரருக்கு உண்டு.

2. அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எந்தக் கப்பல் காலியாகிறது என்று தரகர் தேடுவார். கப்பல் எங்கே காலியாகிறது என்பது விலையில் பெரிய பங்கு வகிக்கிறது. கொழும்பில் காலியாகும் கப்பலும் சீனாவில் காலியாகும் கப்பலும் ஒரே விலை சொல்லாது.

3. விலை போகும், மறுவிலை வரும். முக்கிய அம்சங்கள் ஒத்துவந்ததும் நிபந்தனையோடு பேரம் படியும். சரக்கு விற்பவரின் ஒப்புதல், நிறுவன மேலிடத்தின் ஒப்புதல் போன்ற நிபந்தனைகள் நீங்கிய பிறகுதான் ஒப்பந்தம் உறுதி.

ஒப்பந்தப் பத்திரத்துக்கு சார்ட்டர் பார்ட்டி என்று பெயர். இதில் வரும் பார்ட்டி ஆளைக் குறிப்பதல்ல. ஒரே ஓலையில் இரு முறை எழுதி இரண்டாகக் கிழித்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்ட பழைய வழக்கத்திலிருந்து வந்த லத்தீன் சொல் அது. இன்றைக்கு வெறும் தாளில் யாரும் புதிதாக எழுதுவதில்லை. வாயேஜ் சார்ட்டருக்கு ஜென்கான், டைம் சார்ட்டருக்கு நைப் என்ற ஆயத்தப் படிவங்களை எடுத்து, வேண்டாததை அடித்து, வேண்டியதைச் சேர்ப்பார்கள். நைப் படிவம் முதலில் வந்தது 1913-ல், ஜென்கான் 1922-ல்.

டன்னுக்கு 12 டாலர்: கப்பல்காரருக்கு எவ்வளவு நிற்கும்?

ஒரு சூப்ராமாக்ஸ் இந்தோனேசியாவின் களிமந்தானிலிருந்து தூத்துக்குடிக்கு 50,000 டன் நிலக்கரி கொண்டுவருகிறது. கீழே உள்ள எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. இன்றைய சந்தை விலை அல்ல.

1. வரவு: 50,000 டன்னுக்கு 12 டாலர் வீதம் 6,00,000 டாலர். தரகும் தள்ளுபடியும் ஐந்து சதவீதம் போனால் 5,70,000.
2. நாட்கள்: காலியாகப் போக 8, ஏற்ற 6, நிறைந்து வர 8, இறக்க 4. மொத்தம் 26.
3. எரிபொருள்: ஓடும் 16 நாளுக்குத் தினம் 25 டன், நிற்கும் 10 நாளுக்குத் தினம் 4 டன். மொத்தம் 440 டன். டன் 550 டாலர் என்றால் 2,42,000.
4. இரு துறைமுகச் செலவு: 90,000.
5. மிச்சம்: 2,38,000. இதை 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 9,154 டாலர்.

கப்பல்காரர் பார்ப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். அதே கப்பலை வேறொருவர் நாள் வாடகைக்கு 10,000 டாலர் கேட்டால், டன்னுக்கு 12 டாலர் அவருக்குக் கட்டாது. இப்படித்தான் டன் விலையும் நாள் விலையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ விசைப்படகுக் கணக்கு பார்க்கும்போது, பிடித்த மீனின் விலையிலிருந்து டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதானே பங்கு பிரிக்கிறார்கள்? அதே தர்க்கம்தான். பங்குக்குப் பதில் இங்கே நாளால் வகுக்கிறார்கள்.

களிமந்தானுக்குக் காலியாகப் போன 8 நாளை மறந்துவிட வேண்டாம். திரும்புகாலில் சரக்கு கிடைக்காத துறைமுகத்துக்கு வாடகை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நிலக்கரியை இறக்கிய துறைமுகத்திலேயே ஏற்றுமதிச் சரக்கு கிடைக்குமானால் கப்பல்காரர் விலையில் இறங்கி வருவார். துறைமுகத்துக்குச் சரக்கு சேர்ப்பது அந்தத் துறைமுகத்துக்கு வரும் எல்லாச் சரக்கின் வாடகையையும் குறைக்கும் வேலை. இதை நம் ஊர்த் திட்டங்களில் யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

தாமதக் கட்டணம்: வீணான நாளுக்கு யார் பொறுப்பு?

செய்திகளில் மிகவும் குழப்பமாக எழுதப்படுவது இதுதான். தாமதக் கட்டணத்தை அபராதம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது முன்கூட்டியே பேசி வைத்த நாள் விலை.

டிரிப் வாடகைக்கு வந்த லாரி மில் வாசலில் இரண்டு நாள் நின்றால் லாரிக்காரர் ஹால்டிங் கேட்பார். வாயேஜ் சார்ட்டரிலும் ஏற்ற, இறக்க இத்தனை நேரம் இலவசம் என்று எழுதுவார்கள். அதற்கு லேடைம் என்று பெயர். நாளுக்கு 12,500 டன் இறக்க வேண்டும் என்று இருந்தால் 50,000 டன்னுக்கு நான்கு நாள். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், அதாவது டெமரேஜ். நாளுக்கு 15,000 டாலர் என்று பேசியிருந்து இரண்டு நாள் தாண்டினால் 30,000 டாலர். டன்னுக்கு 60 சென்ட் ஏறிவிட்டது. மாறாக முன்கூட்டியே இறக்கி முடித்தால் கப்பல்காரர் சரக்குக்காரருக்குப் பணம் தருவார். பெரும்பாலும் தாமதக் கட்டணத்தில் பாதி.

சண்டை வருவது கடிகாரம் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்பதில்தான்.

முதலில், தொடக்கம். கப்பல் வந்து சேர்ந்ததும் கேப்டன் தயார் அறிவிப்பு கொடுப்பார். கப்பலைக் கட்டி நிறுத்தும் தளம் (பெர்த்) காலி இல்லாமல் வெளியே நங்கூரம் போட்டிருக்கும்போதே அந்த அறிவிப்பு செல்லுமா? பெர்த் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் செல்லும் என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால், நங்கூரத்தில் நிற்கும் நாளெல்லாம் சரக்குக்காரர் கணக்கு. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அதே நாட்கள் கப்பல்காரர் தலையில் விழக்கூடும். மேலே சொன்ன பயணத்தில் ஆறு நாள் அப்படி நின்று, ஈடும் கிடைக்காவிட்டால் மொத்தம் 32 நாள் ஆகும். அந்த ஆறு நாள் எரிபொருளும் சேர்ந்து, நாள் வருமானம் 9,154-லிருந்து 7,025 டாலராக இறங்கிவிடும்.

அப்புறம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில் கொட்டும். உரம் இறக்கும்போது மழை வந்தால் கப்பலின் மூடிகளைச் சாத்தியாக வேண்டும்; நனைந்த யூரியா எதற்கும் ஆகாது. நல்ல வானிலை உள்ள வேலை நாள் மட்டும் என்று பத்திரம் சொன்னால் மழை நேரம் கணக்கில் வராது. ஆனால் இலவச நேரம் ஏற்கெனவே தீர்ந்து தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கிவிட்டால், பொதுவாக அது மழைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நிற்காது. ஒருமுறை தாமதத்தில் விழுந்தால் விழுந்ததுதான் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. பாம்பன் துறைமுக அலுவலகத்தில் புயல் கூண்டு ஏற்றியதால் மட்டும் கடிகாரம் நின்றுவிடாது. எத்தனை மணிக்கு மூடி சாத்தினார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்ற பதிவேடுதான் பேசும்.

ஆகவே தாமதக் கட்டணச் செய்தியைப் படிக்கும்போது தொகையை மட்டும் பார்த்துக் கோபப்படுவதில் பயனில்லை. கப்பல் நின்றது தளம் இல்லாமலா, கன்வேயர் பழுதாலா, இல்லை ஒரே வாரத்தில் மூன்று கப்பலை வரவழைத்ததாலா என்று கேட்க வேண்டும். மூன்றாவது காரணம் முழுக்கத் திட்டமிடல் தவறு, அது தவிர்க்கக்கூடியது.

பால்டிக் குறியீடு

18-ம் நூற்றாண்டில் லண்டனின் ஒரு காபிக் கடையில் வணிகர்கள் கூடிப் பேசியதில் தொடங்கியது பால்டிக் எக்ஸ்சேஞ்ச். 2016-ல் அதைச் சிங்கப்பூர் பங்குச் சந்தை வாங்கிவிட்டது. குறிப்பிட்ட தடங்களில் இன்று என்ன வாடகை என்று தரகர்கள் குழு ஒவ்வொரு வேலை நாளும் சொல்லும் மதிப்பீட்டிலிருந்து பால்டிக் உலர் குறியீடு கணக்கிடப்படுகிறது. அது டாலர் அல்ல, வெறும் புள்ளி. 2018 முதல் அதில் கேப்சைஸுக்கு 40 சதவீதம், பனாமாக்ஸுக்கு 30, சூப்ராமாக்ஸுக்கு 30.

கேப்சைஸ் முழுச் சரக்கோடு தூத்துக்குடிக்குள் வர முடியாது என்று மேலே பார்த்தோம். அதனால் சீனாவின் இரும்புத் தாதுத் தேவையால் குறியீடு குதித்தது என்றால், தூத்துக்குடி நிலக்கரி வாடகையும் அதே அளவு குதித்தது என்று பொருளாகாது. பார்க்க வேண்டியது சூப்ராமாக்ஸ், பனாமாக்ஸ் துணைக் குறியீடுகளை.

இந்தக் குறியீடு 2008 மே 20 அன்று 11,793. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று 663. ஏழே மாதம்கூட ஆகவில்லை. 2016 பிப்ரவரியில் 290 வரை போனது. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் கப்பல்களின் எண்ணிக்கை சட்டென்று மாறாததுதான். புதுக் கப்பல் கேட்டால் கைக்கு வர இரண்டு ஆண்டு, சில நேரம் அதற்கும் மேல். சந்தையில் நூறு சரக்குக்கு 99 கப்பல் இருந்தால், விடுபட்டுப் போகாமல் இருக்க ஒவ்வொருவரும் விலையை ஏற்றுவார்கள். நூறு சரக்குக்கு 101 கப்பல் என்றால் எரிபொருள் செலவு மட்டும் வந்தால்கூடப் போதும் என்று கப்பல்காரர்கள் இறங்குவார்கள்.

கப்பல் எண்ணிக்கை மாறாமலேயே கிடைக்கும் நாட்கள் குறையலாம். துறைமுகங்களில் நெரிசல் வந்தால் கப்பல்கள் வரிசையில் மாட்டிக்கொள்ளும். 2021-ல் வாடகை ஏறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 2023-ல் வறட்சியால் பனாமா கால்வாய் கடக்கும் கப்பல்களைக் குறைத்தது. அந்த ஆண்டுக் கடைசியில் செங்கடல் தாக்குதல்களால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. சரக்கு அதே, கப்பல் அதே, ஆனால் நாள் கூடிவிட்டது. எதிர்த்திசையிலும் நடக்கும்: 2022 ஜனவரியில் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியை நிறுத்தியபோது கப்பல்கள் சரக்கில்லாமல் நின்றன.

சேதுக் கால்வாய் வந்தால் வாடகை குறையுமா?

2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கி வைக்கப்பட்ட சேது சமுத்திரத் திட்டத்தின் கால்வாய் 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். அதிகபட்சம் 30 மணி நேரம் மிச்சமாகும் என்றார்கள். 2007-ல் வழக்கில் பணி நின்றது. 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. மத நம்பிக்கை, பவளப்பாறை, மீனவர் பிழைப்பு ஆகியவை தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயங்கள். இங்கே வாடகைக் கணக்கு மட்டும்.

ஆழம் 12 மீட்டர் என்றால் அடியில் இடைவெளி விட்டு, 30,000 டன் அளவுக் கப்பலுக்குத்தான் பொருந்தும். சுற்றி வரும் பாதையில் 70,000 டன் கப்பல் வரலாம், துறைமுக ஆழம் இடம் கொடுத்தால். இரண்டையும் வைத்துப் பார்ப்போம். எண்கள் மறுபடியும் விளக்கத்துக்காகத்தான்.

1. பெரிய கப்பல்: நாள் வாடகை 13,000, எரிபொருள் 16,500, மொத்தம் 29,500 டாலர். 70,000 டன்னுக்குப் பிரித்தால் டன்னுக்கு நாளொன்றுக்கு 42 சென்ட். பாராதீப்பிலிருந்து இலங்கையைச் சுற்றி நான்கு நாள் என்றால் 1.69 டாலர்.
2. சிறிய கப்பல்: நாள் வாடகை 9,000, எரிபொருள் 9,900, மொத்தம் 18,900 டாலர். டன்னுக்கு நாளொன்றுக்கு 63 சென்ட். 30 மணி நேரத்தைக் கழித்து 2.75 நாள் என்றால் 1.73 டாலர்.

கால்வாய்க் கட்டணம் சேர்க்கும் முன்பே ஏறக்குறைய சமம். அதனால் மின் நிலைய நிலக்கரிக்குக் கால்வாய் பெரிய மிச்சம் தரும் என்ற வாதம் நிற்காது. கரி போன்ற சரக்கில் கப்பலின் அளவு தூரத்தை விழுங்கிவிடுகிறது.

ஆனால் ஒரே தடவையில் 30,000 டன்னுக்கு மேல் தேவைப்படாத உரம், உப்பு போன்ற சரக்குக்குக் கணக்கு வேறு. அங்கே சிறிய கப்பலைச் சிறிய கப்பலோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்றேகால் நாள் மிச்சம், அதாவது நடைக்கு 23,625 டாலர். கால்வாய்க் கட்டணமும் வழிகாட்டிக் கட்டணமும் இந்தத் தொகைக்குள் அடங்கினால்தான் கப்பல் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பும்.

அப்படித் திரும்பினாலும் மிச்சம் யாருக்கு என்பது சார்ட்டரைப் பொறுத்தது. டைம் சார்ட்டரில் நாள் குறைந்தால் வாடகையும் எரிபொருளும் எடுத்தவருக்கு உடனே மிச்சம். வாயேஜ் சார்ட்டரில் டன் விலை முன்பே பேசியாயிற்று. ஒன்றேகால் நாளும் கப்பல்காரர் பைக்குள் போகும். அடுத்த சரக்குக்கு இன்னொரு கப்பல்காரர் போட்டிக்கு வந்து விலையைக் குறைத்துச் சொன்னால் மட்டுமே அதில் ஒரு பங்கு சரக்குக்காரரின் கைக்கு வரும்.